தரையில் கிடந்த கட்டுகள்

பையை இப்படிக் கொடுங்கள் தங்கச்சி. பையோடு உள்ளே விட மாட்டார்கள். பதினேழாம் நம்பர் டோக்கன், கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது என்ன, வக்கீல் எழுதிக் கொடுத்த சீட்டா? காட்டுங்கள்.

'பொருநைச் செய்தி' நாளிதழ், 1989 ஆகஸ்ட் 17, ஒன்பதாம் பக்கம். செங்கட்டாங்குளம் பற்றிய அரசு அறிவிப்பு. சான்றிட்ட நகல் தேவை.

அப்படியானால் உள்ளே போக வேண்டாம். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நீங்கள் தேடி வந்த தாள் உள்ளே இல்லை. உள்ளே போய்க் கேட்டால் படிவம் கொடுப்பார்கள், நிரப்புவீர்கள், பத்து நாளில் பதில் வரும் என்பார்கள். உங்கள் வாய்தா பதினான்காம் தேதி என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறது. பத்து நாள் எங்கே இருக்கிறது? நான் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏன் இல்லை, யாரால் இல்லை என்று.

குளத்துக்குள் கல் ஊன்றிவிட்டார்களா? மனைக்கல்லா? அது குளமே இல்லை, வெறும் மேட்டு நிலம் என்கிறார்களா. தாலுகா ஆபீசில் கோப்பைக் காணோம் என்றிருப்பார்கள். காணாமல்தான் போகும். அந்தப் பத்திரிகை மூடி பதினெட்டு வருஷம் ஆகிறது. அவர்கள் ஆபீசில் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை இருந்தது. உங்கள் வக்கீல் சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். ஜூலைக்கு முன்னால் அனுப்பியிருக்க வேண்டும்.

இருந்தது என்று சொன்னேன் அல்லவா. யார் வைத்திருந்தது? நான். முப்பத்தேழு வருஷம் பருவ இதழ் பிரிவில் இருந்தவன். தினமும் காலையில் வருகிற பேப்பரில் முத்திரை குத்தி, மாதக் கடைசியில் சணலில் கட்டி, வருஷக் கடைசியில் பைண்டிங் போட்டு, முதுகில் என் கையால் வருஷத்தை எழுதி ஏற்றியவன். இந்த மாவட்டத்தில் எந்தத் தேர்தல், எந்தக் கொலை, எந்த வெள்ளம் என்று கேளுங்கள், எந்தப் பலகையில் எத்தனையாவது தொகுதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது பை வாங்கி வைக்கிறேன். பை, குடை, ஹெல்மெட்.

தம்பி, ஹெல்மெட்டைக் கீழ்த்தட்டில் வை. மேலே வைத்தால் உருளும்.

என்ன சொன்னேன்? ஆம், சுகிர்தா மேடம். டாக்டர் சுகிர்தா, துணை நூலகர். நாகர்கோவில் பக்கம். வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரம் என் பிரிவுக்கு வந்து அரை நாள் நின்றார். ஒவ்வொரு தொகுதியாகத் தொட்டுப் பார்த்தார். "அண்ணாச்சி, இது உதிர ஆரம்பிச்சிருச்சே, இன்னும் பத்து வருஷம் தாங்குமா?" என்று கேட்டார். நான் பாதுகாத்ததை என்னிடமே உதிர்கிறது என்கிறார். இரண்டாம் மாதம் எங்கிருந்தோ நிதி கேட்டு வாங்கி, ஒரு ஸ்கேன் மிஷின் கொண்டுவந்து இறக்கினார். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்களாம். அதற்கு என்ன செய்ய வேண்டும்? நான் போட்ட பைண்டிங்கைப் பிரிக்க வேண்டும். என் கண் எதிரே, நான் தைத்த நூலைப் பிளேடால் அறுத்தார்கள் தங்கச்சி. ஸ்கேன் முடிந்ததும் புதுப் பெட்டியில் போட்டு அடுக்குவோம் என்றார். பெட்டியும் வந்தது. அது வேறு விஷயம்.

எண்பத்தாறு வரை கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. மாதத்துக்கு ஒரு வருஷத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் நடக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் எண்பத்தொன்பதும் ஏறியிருக்கும். ஏறி என்ன? கம்ப்யூட்டரில் தெரிவது காகிதமா?

என்னை ஏன் மாற்றினார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் இருமல் உண்டு. போன வருஷம் ஏணியில் நின்றுகொண்டிருந்தபோது மூச்சு முட்டியது, கண் இருட்டியது, இறங்கிவிட்டேன். விழவில்லை. கொஞ்சம் வேகமாக இறங்கினேன், அவ்வளவுதான். தோளில் மூன்று தையல். மேடம் தன் காரில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான். டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துவிட்டுத் தூசிப் பக்கம் போகவே கூடாது என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. "நூலக உதவியாளர் திரு. சிவனணைந்தபெருமாள் அவர்களை எக்காரணம் கொண்டும் அடுக்ககப் பகுதிக்குள் பணிக்கு அனுப்பக் கூடாது. நுழைவாயில் கவுண்டரில் பணி ஒதுக்கப்படுகிறது." எக்காரணம் கொண்டும். கேட்டீர்களா அந்தச் சொல்லை? அடுக்ககம் என்றால் பேப்பரும் புத்தகமும் அடுக்கிய உள் அறைகள், என் இடம். பத்துப் பிரிவுக்கும் நகல் போயிற்று. பல்கலைக்கழகத்துக்குள் திருடிப் பிடிபட்டவனுக்குக்கூட இவ்வளவு நகல் எடுப்பதில்லை.

அதையும் பொறுத்தேன். ஜூலையில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் ஐந்து. அன்று எங்களுக்குக் கோடை விடுமுறை. நான்கு வாட்ச்மேனும் இரண்டு மயிலும்தான் இருக்கும். அதனால் ஜூலை முதல் வாரத்தில், பிள்ளைகள் வந்த பிறகு, நூலகம் சார்பில் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு வாரம் என்று மேடம் அறிவித்தார். இதற்கு முன்பும் வருஷா வருஷம் நடக்கும். இருபதடி பிளாஸ்டிக் பேனரில் பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று அச்சடித்துக் கட்டுவோம், துணைவேந்தர் வந்து போன வருஷம் நட்ட அதே குழியில் புதுச் செடி நடுவார், பஃப்ஸ் கொடுப்போம், கலைந்துவிடுவோம். ஒரு மணி நேர வேலை. இவர் அதை ஐந்து நாள் ஆக்கினார். துணியில் கையால் எழுதிய பேனர். சால்வை கிடையாது, செடிதான். பேப்பர் கப் கிடையாது, எவர்சில்வர் தம்ளர். அந்தத் தம்ளரை யார் எண்ணி வாங்கி வைத்தது? கவுண்டரில் இருக்கிறவன். முதல் நாள் துவக்க விழா, இரண்டாம் நாள் குளம் குட்டை பற்றிய புத்தகக் கண்காட்சி, மூன்றாம் நாள் பழைய செய்தித்தாளில் பை செய்யும் பயிற்சி, நான்காம் நாள் விதைப்பந்து, ஐந்தாம் நாள் வினாடி வினா. வாசலில் இரண்டு தொட்டி. பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை.

துவக்க விழா அன்று நான் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மேடம் மைக்கில் பேசிக்கொண்டே வந்தவர், திடீரென்று என் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார். துணைவேந்தர் இருக்கிறார், பதிவாளர் இருக்கிறார், அரங்கம் நிறையப் பிள்ளைகள். போனேன். என் தோளைத் தொட்டுக்கொண்டு சொல்கிறார்: "நம்ம பெருமாள் அண்ணாச்சி முப்பத்தேழு வருஷமா தூசியைத் தின்னு இந்தப் பேப்பரை எல்லாம் காப்பாத்துனவங்க. அந்தத் தூசி இன்னைக்கு அவங்க நெஞ்சுல இருக்கு. சுற்றுச்சூழல்னா காடு மட்டும் இல்ல, ஒரு மனுஷன் உட்கார்ந்து வேலை பாக்குற அறையும்தான்." சொல்லிவிட்டு முதல் வேப்பங்கன்றை என் கையில் கொடுத்தார்.

கைதட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் எவனோ "தூசி அண்ணாச்சி" என்றான், நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு அதுதான் கேட்டது. இன்றைக்கும் அந்தப் பெயர்தான். கேன்டீனில் டீ கேட்டால், தூசி அண்ணாச்சிக்கு ஒரு டீ என்று சத்தம் கொடுக்கிறான் மாஸ்டர். இருநூறு பேர் முன்னால் என்னை நோயாளி என்று அறிவித்தவர் அவர். என் வியாதியை மைக்கில் வாசிக்க அவர் யார்? அந்த வேப்பங்கன்றைக் கழிப்பறைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். காய்ந்திருக்கும்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இவரை விடுவதில்லை என்று. என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. செய்வேன் என்று மட்டும் தெரியும்.

மறுநாளே வாய்ப்பு நடந்து வந்து இந்தக் கவுண்டர் முன்னால் நின்றது.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், நீங்கள் புகாரில் எழுத வேண்டிய இடம் இது. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்தது. வைத்திருக்க வேண்டிய தாள் ஒருநாளும் தரையில் படக் கூடாது. பலகை மேல் இருக்கலாம், பெஞ்சு மேல் இருக்கலாம், இடமில்லாவிட்டால் நாற்காலி மேல் இருக்கலாம். தரையில் இருந்தால் அது கழிவு. எடைக்கு எடுக்கிற ஆள் வந்தால் யாரையும் கேட்க மாட்டார். தரையில் இருப்பதை அள்ளிக்கொண்டு போவார். முப்பத்தேழு வருஷத்தில் ஒரு தாள் மாறிப் போனது கிடையாது.

ஸ்கேன் செய்ய வெளியிலிருந்து வந்த இரண்டு பையன்களுக்கு இது தெரியாது. அவர்கள் எண்பத்தேழு முதல் தொண்ணூறு வரைக்கும் பைண்டிங் பிரித்து, மாதம் மாதமாகக் கட்டி, மேற்கு வராந்தாவில் மிஷினுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். எங்கே? தரையில். கேன்டீனுக்குப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மே மாதமே பார்த்தேன். சொல்லியிருப்பேன். அடுக்ககத்துக்குள் போகக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே. மேற்கு வராந்தா அடுக்ககத்தில்தான் சேரும்.

பை செய்யும் பயிற்சிக்கு என்று மேடம் இரட்டைப் படியாக வந்த ஆங்கிலப் பேப்பர்களைப் பத்துக் கட்டுகளாகக் கட்டி அதே வராந்தாவில் பெஞ்சு மேல் வைத்திருந்தார். பெஞ்சு மேல். கழிவை யாராவது பெஞ்சு மேல் வைப்பார்களா? இவருக்கு இந்தப் பிரிவின் நடைமுறையே தெரியாது என்பதற்கு அதுவே சாட்சி. எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மதியம் ஜெபராணி வந்தாள். தற்காலிகப் பணியாளர், என் இடத்தில் போட்ட பெண். சேர்ந்து நான்கு மாதம். நல்ல பிள்ளைதான், பயந்த சுபாவம். மேடம் துணைவேந்தர் அறையில் கூட்டத்தில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, நாளைக்குப் பை செய்ய வராந்தாவுல இருக்கிற பேப்பரை ஹாலுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னாங்க மேடம். பெஞ்சு மேல கொஞ்சம் இருக்கு, தரையில நெறைய இருக்கு. எதை எடுக்கணும்?"

நான் என்ன சொல்ல வேண்டும், நீங்களே சொல்லுங்கள். பொய் சொன்னேனா? இல்லை. "தரையில இருக்கிறது கழிவும்மா. பெஞ்சு மேல இருக்கிறதைத் தொடாதே. இந்தப் பிரிவுல முப்பத்தேழு வருஷமா அதுதான் வழக்கம்" என்றேன். வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

அவள் போனாள். போய்விட்டுத் திரும்பி வந்தாள். "அண்ணாச்சி, எண்பத்தொம்பதுன்னு போட்டிருக்கே. ரொம்பப் பழசா இருக்கே."

"பழைய பேப்பர்தானே கேட்டாங்க. புதுசா கேட்டாங்க?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அரை மணி நேரத்தில் தள்ளுவண்டி இந்த வாசல் வழியாகத்தான் போயிற்று. மேல் கட்டில் என் கையெழுத்து தெரிந்தது. 'பொ.செ., பிப். 88.' ஒரு சக்கரம் படியில் சிக்கிக்கொண்டது. நான்தான் எழுந்து போய்த் தூக்கிவிட்டேன்.

இல்லை, இதை எழுத வேண்டாம். சக்கரம் விஷயம் தேவையில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். எண்பது பிள்ளைகள், தரையில் ஜமுக்காளம் விரித்து, கத்தரிக்கோல், மைதாப் பசை. திருநெல்வேலியிலிருந்து பை செய்யச் சொல்லிக் கொடுக்க ஒரு அம்மா வந்திருந்தார். மேடம் துவக்கி வைத்துப் பேசிவிட்டு அடுத்த நாள் விதைப்பந்துக்கு மண் வாங்கப் போய்விட்டார். அதுவும் அவர் தப்புதான். நின்று பார்த்திருக்க வேண்டாமா? ஹால் கதவு இங்கிருந்து தெரியும். பாருங்கள், நேர் எதிரே. ஒரு மணிக்குள் அறுநூறு பை. ஒவ்வொரு பையிலும் ஒரு செடியோ ஒரு புத்தகமோ போட்டுக்கொண்டு பிள்ளைகள் சந்தோஷமாக வெளியே வந்தார்கள். எனக்கும் இரண்டு கொடுத்தார்கள். ஒன்றில் எண்பத்தெட்டு மே மாதத்து ரேஷன் அரிசி மறியல், இன்னொன்றில் சினிமா விளம்பரம்.

அப்போது என் மனது எப்படி இருந்தது என்று கேட்டால், வலித்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்? என் சொந்தக் கையால் முத்திரை குத்திய தாள்கள். ஆனால் வலியோடு ஒரு நிம்மதியும் இருந்தது. இவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு ஒரே ஒரு பெயர்தான் பதில் சொல்ல முடியும். விழாவை நடத்தியவர் யார், பயிற்சி வைத்தவர் யார், பேப்பர் எடுக்கச் சொன்னவர் யார்?

விழா வாரம் முழுக்க விடுப்பில் இருந்த ஸ்கேன் பையன்கள் அடுத்த திங்கட்கிழமை வந்தார்கள். பத்தே கால் மணிக்கு மேடம் அந்தப் படியில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே விடுதி விடுதியாகப் போய், ஒவ்வொரு அறையாகத் தட்டி, பையைத் திருப்பிக் கேட்டார்கள், அவரும் ஜெபராணியும். நூற்றுமுப்பத்திரண்டு பை கிடைத்தது. மற்றதெல்லாம் பஸ்ஸில், கடையில், குப்பையில். இன்றைக்கும் ஐந்தரை மணிக்கு மேல் உள்ளே போய்ப் பாருங்கள், ஈரத்துணியை ஒற்றிப் பசையைக் கழற்றி, இஸ்திரி போட்டு, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருப்பார். டாக்டர் பட்டம் வாங்கியவர் பேப்பருக்கு இஸ்திரி போடுகிறார்.

பதிவாளருக்கு அவரே கடிதம் எழுதினார், முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று. ஜெபராணி பேர் இல்லை, ஸ்கேன் பையன்கள் பேர் இல்லை. பார்த்தீர்களா, தானே ஒப்புக்கொண்டுவிட்டார். குற்றம் இல்லாதவர் ஒப்புக்கொள்வாரா?

என்னிடமும் வந்து கேட்டார். இதே இடத்தில் நின்று. "அண்ணாச்சி, அந்தக் கட்டுகள் போனது உங்களுக்குத் தெரியாதா? இந்த வாசல் வழியாத்தானே போயிருக்கும்."

"மேடம், கவுண்டர்ல பை வாங்கி வைக்கிறவனுக்கு உள்ளே நடக்கிறது எப்படித் தெரியும்?" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை எட்டு மாதமாக மனதுக்குள் வைத்திருந்தேன் தங்கச்சி. சொல்லும்போது நாக்கு இனித்தது.

வாசலையும் என்னையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "சரி அண்ணாச்சி. மாத்திரை ஒழுங்கா எடுக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த நிலையிலும் குத்திக்காட்டாமல் விட மனது வரவில்லை பாருங்கள்.

நூற்றுமுப்பத்திரண்டில் உங்கள் தாள் இருக்குமா என்றா? இல்லை. தேடிப் பார்க்கவே வேண்டாம். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

எப்படி என்றால், அதை நான் பார்த்தேன். வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தாவரவியல் படிக்கிற ஒரு பிள்ளை அந்தப் பையில் செடி வைத்துக் கொண்டுவந்து இங்கே கொடுத்தாள். என் வழக்கம், கைக்கு வந்த அச்செழுத்தைப் படிக்காமல் விட மாட்டேன். ஒன்பதாம் பக்கம்தான். பையின் முன்பக்கத்தில் முழு அறிவிப்பும் மடிப்பில்லாமல் வந்திருந்தது. செங்கட்டாங்குளம், சர்வே எண் 212 பகுதி 1, நாற்பத்தாறு ஏக்கர் முப்பது சென்ட், பொதுப்பணித் துறைப் பாசனக் குளம், வடக்கே ஓடை, கிழக்கே சாலை, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில். கீழே கலெக்டர் பெயர். சரிதானே? நாற்பத்தாறு ஏக்கர்தானே?

தண்ணீர் குடிக்கிறீர்களா? அந்தக் குடத்தில் இருக்கிறது.

அதோ அந்த இரண்டாம் தட்டில் வைத்தேன். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை. செடியில் ஊற்றிய தண்ணீர் கசிந்து பையின் அடி ஊறிக்கொண்டே வந்தது. ஐந்தரைக்கு அந்தப் பிள்ளை டோக்கனைக் கொடுத்தாள், எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் படி இறங்குவதற்குள் அடி பிய்ந்துவிட்டது. செடியைக் கையில் எடுத்துக்கொண்டு, தாளைச் சுருட்டி, வாசலில் நின்று இரண்டு தொட்டியையும் படித்துப் பார்த்து, பச்சைத் தொட்டியில்தான் போட்டாள். நல்ல பிள்ளை. மேடம் சொல்லிக் கொடுத்தது வீண்போகவில்லை. மறுநாள் காலையில் தோட்டத்து ஆட்கள் எடுத்துக்கொண்டு போய் மண்புழு உரக் குழியில் கொட்டிவிட்டார்கள்.

என்ன கேட்டீர்கள்? நான் ஏன் எடுத்து வைக்கவில்லை என்றா?

எடுத்து வைத்திருக்கலாம். வேறு பை கொடுத்து, செடியை மாற்றிவிட்டு, தாளை மேஜை இழுப்பறையில் போட்டிருக்கலாம். இரண்டரை மணி நேரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தாள் என்னிடம் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வியாழக்கிழமையே தெரிந்தவன் ஏன் திங்கட்கிழமை வரை வாய் திறக்கவில்லை என்று கேட்பார்கள். வியாழக்கிழமை சொல்லியிருந்தால் பிள்ளைகள் ஊருக்குப் போகும் முன்பே முக்கால்வாசிப் பையைத் திரும்ப வாங்கியிருப்பார்கள். அப்படியானால் மேடத்துக்கு ஒரு கண்டிப்புக் கடிதத்தோடு முடிந்திருக்கும். அவர் செய்ததற்கு அது போதுமா?

தவிர, உங்கள் குளம் எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் இப்படி வந்து நிற்பீர்கள் என்று எனக்கு யார் சொன்னது? அறிவிப்பு என்றால் ஆயிரம் அறிவிப்பு.

அழ வேண்டாம். அழுது என்ன? நாற்பத்தாறு ஏக்கர் போனால் போனதுதான் என்று விட்டுவிடாதீர்கள். அதற்குக் காரணமானவரைச் சும்மா விடக் கூடாது. அதற்குத்தான் உங்களை உட்கார வைத்தேன். இருபத்துமூன்றாம் தேதி இங்கே நூலகர் பதவிக்கு நேர்காணல். இந்தப் பதவி ஆறு வருஷமாகக் காலி. மேடத்துக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். பதிவாளர் அவருடைய கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, நல்ல நோக்கத்தில் நடந்த தவறு என்று எழுதி மூடிவிட்டார். நான் பெயர் போடாமல் இரண்டு மனு அனுப்பிப் பார்த்தேன். உள்ளே இருக்கிறவர்களின் கோஷ்டிச் சண்டை என்று ஓரமாகப் போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு ஆள், பாதிக்கப்பட்ட ஒரு ஊர், கோர்ட்டு வழக்கு எண்ணோடு எழுதினால் ஓரமாகப் போட முடியாது. விசாரணை வைத்தே ஆக வேண்டும். விசாரணை இருக்கிறவரை நேர்காணலுக்குக் கூப்பிட முடியாது.

இதோ, நானே எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். ஊர் பெயரும் உங்கள் பெயரும் மட்டும்தான் காலி. செங்கட்டாங்குளம் என்று நிரப்பி, கையெழுத்துப் போட்டால் போதும். நானே உள்தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

வேண்டாமா? வெள்ளைத் தாளா? எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்திலேயே எழுதுகிறேன் என்கிறீர்களா. அதுதான் நல்லது, நான் இதை யோசிக்கவில்லை. ஊர்க்காரர் கையால் எழுதினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பேனா இதோ. 'பெறுநர், பதிவாளர் அவர்கள்' என்று ஆரம்பியுங்கள். தரை விஷயத்தை விட்டுவிடாதீர்கள், பெஞ்சு விஷயத்தையும். ஜெபராணியை எழுத வேண்டாம், ஏழைப் பிள்ளை.

நன்றாக எழுதுகிறீர்களே. எத்தனையாவது வரை படித்தீர்கள்? வார்டு உறுப்பினரா, அதைச் சொல்லவே இல்லையே. அதையும் போடுங்கள், கனமாக இருக்கும்.

தம்பி, பொறு, டோக்கன் இல்லாமல் எடுக்காதே. இங்கே ஒரு முக்கியமான வேலை நடக்கிறது.

என் முழுப் பெயரா? போட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் எனக்கென்ன பயம். இன்னும் பதினாறு மாதத்தில் ஓய்வு. இ. சிவனணைந்தபெருமாள். ஒரே சொல்லாக எழுத வேண்டும், பிரிக்கக் கூடாது. நூலக உதவியாளர். பணியாளர் எண் நாலு ஒன்று ஏழு. வியாழக்கிழமை என்ன தேதி என்றா? ஜூலை நாலு. மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை, ஆமாம். இரண்டாம் தட்டு. சாட்சிக்கு இவ்வளவு விவரம் யாரும் கேட்க மாட்டார்கள், இருந்தாலும் இருக்கட்டும், உறுதியாக இருக்கும்.

ஆனால் தங்கச்சி, சாட்சியின் பெயரைக் கடைசியில், கையெழுத்துக்குக் கீழேதான் எழுத வேண்டும். நீங்கள் 'பொருள்' என்று போட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்.